கேத்தரினின் மூன்று காவல்காரர்கள்

பெங்களூர் விவேக் நகரில் கல்யாணமோ ஞானஸ்நானமோ முப்பதாம் நாள் பூசையோ எதுவானாலும், சனங்கள் முதலில் சாமியாரைப் பார்ப்பார்கள், அடுத்து கேத்தரினைப் பார்ப்பார்கள். வேத வாசகமும் பாட்டும் ஜெபமும் அச்சிட்ட பூசைப் புத்தகம் அவள் கைவேலை. ஓட்டல் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் டெஸ்மண்ட் புனேவுக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன கம்ப்யூட்டரில் தட்டுத்தடுமாறித் தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டாள். மதியம் சமையலை முடித்து, ஒரு டம்ளர் காபியோடு அதன் முன் உட்கார்ந்துவிட்டால் அவளைப்போல சந்தோஷப்பட்ட ஆள் அந்தத் தெருவிலேயே கிடையாது.

இரண்டாயிரத்து எட்டில் அவளுடைய அக்கா மகள் நோராவுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை நல்ல பையன், கன்னடக் கத்தோலிக்கக் குடும்பம். எல்லாம் பேசி முடித்த பிறகு, பூசை எந்த மொழியில் என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பெண் வீட்டுக் கோயில், ஆகவே தமிழ்தான் என்றார்கள் இவர்கள். எங்கள் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது, நாங்கள் வேடிக்கை பார்க்கவா வருகிறோம் என்றார்கள் அவர்கள். பேச்சு தடித்தது. நோரா அழுதுகொண்டு சித்தியிடம்தான் வந்தாள். வாசகம் ஒன்று கன்னடத்தில், ஒன்று தமிழில், திருமண வாக்குறுதி இங்கிலீஷில், எல்லாவற்றுக்கும் மற்ற இரண்டு மொழியும் அதே பக்கத்தில் இருக்கும்படி ஒரு புத்தகம் போட்டுத் தருகிறேன் என்று கேத்தரின் இரண்டு வீட்டாரையும் உட்காரவைத்துச் சொன்னாள். முதலில் புத்தகத்தைக் கண்ணில் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்று இரண்டு பக்கமும் முறைப்பாகவே கலைந்தது.

ஆக, அந்தப் புத்தகம் வந்தால்தான் கல்யாணம் நிம்மதியாக நடக்கும். சனிக்கிழமை கல்யாணம்.

கன்னடப் பகுதியை மாப்பிள்ளையின் அக்கா பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். அதைச் செருகிய மறுநாள் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர் முளைத்தது. வைரஸ் சம்பந்தி வீட்டுச் சீதனமாக வந்திருக்கிறது என்பதைக் கேத்தரின் யாரிடமும் மூச்சு விடவில்லை. இருக்கிற சண்டை போதாதா என்ன?

டெஸ்மண்டிடம் மட்டும் போனில் கேட்டாள். காசு கொடுத்து வாங்க வேண்டாம், இன்டர்நெட்டில் ஓசியிலேயே நல்ல ஆன்டிவைரஸ் கிடைக்கிறது என்று அவன் மூன்று பெயர்களைச் சொன்னான். மூன்றில் எது உனக்குச் சுலபமாக இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள் என்றான்.

இங்கேதான் கேத்தரினின் பழக்கம் குறுக்கே வந்தது. செவ்வாய் அந்தோணியார், புதன் சதா சகாய மாதா, வியாழன் குழந்தை இயேசு என்று மூன்று கோயில் நவநாள் ஜெபத்துக்கும் முப்பது வருஷமாகப் போகிறவள் அவள். டெஸ்மண்ட் பிறந்ததும் வீடு அமைந்ததும் எந்த நவநாளின் புண்ணியம் என்று அவளுக்கே தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஒருவர் கவனிக்காவிட்டால் இன்னொருவர் கவனிப்பார். ஓசியில் கிடைக்கிற காவலில் எதற்குக் கஞ்சத்தனம்? மூன்றையும் இறக்கிப் போட்டாள். மூலையில் பச்சைக் கேடயம், நீலப் பூட்டு, மஞ்சள் மணி என்று மூன்று படங்கள் வரிசையாக வந்து நின்றபோது மனசு குளிர்ந்துபோனது.

புதன்கிழமை கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. எழுந்தது, ஆனால் அரைமணி நேரம் முக்கி முனகி அப்படியே உறைந்தது. புத்தகம் உள்ளே மாட்டிக்கொண்டது. நோராவின் முகம்தான் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. பி.எம்.டி.சி.யில் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்ற அவள் புருஷன் தியோடர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உதவிக்கு ஒன்றும் தெரியாமல், ஃபேனை மட்டும் அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

திரையில் ஒரு சிவப்புப் பெட்டி வந்தது. சந்தேகத்துக்குரிய ஆசாமி ஒருவன் உள்ளே இருக்கிறான் என்று பச்சைக் கேடயம் சொன்னது. யார் என்று கேத்தரின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் படித்தாள். நீலப் பூட்டின் பெயர் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நீலப் பூட்டு எழுந்து பச்சையைத் திருடன் என்றது. நிஜத் திருடன் பாட்டுக்கு உள்ளே நடமாடிக்கொண்டிருக்க, காவல்காரர்கள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மானத்தைப் பார்க்காமல் டெஸ்மண்டைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் சிரித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள். பிறகு, எந்தப் பட்டனை அழுத்தி எழுப்பினால் மூன்றும் தூங்கும்போதே இயந்திரத்தைத் திறக்கலாம் என்று அவன் சொல்லிக்கொடுத்தான்.

இரண்டை வெளியே அனுப்ப வேண்டும். எதை வைத்துக்கொள்வது? பச்சைக் கேடயம் ஓயாமல் முழுசாகக் காசு கொடுத்து வாங்கு என்று நச்சரிக்கும். நீலப் பூட்டு எதைச் செய்தாலும் அனுமதி கேட்டு உயிரை வாங்கும். மஞ்சள் மணி மட்டும் வந்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. டெலிபோன் போர்டில் அத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு, சத்தம் போடாமல் வேலை பார்க்கிறவர்களைப் பிடிக்கும். மணியை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் அழித்தாள்.

கம்ப்யூட்டர் ஒழுங்காக எழுந்தது. புத்தகம் ஒரு எழுத்து குறையாமல் இருந்தது. முதல் வேலையாக ஒரு பிரதி அச்செடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது தூங்குதா, வேலை செய்யுதா?" என்றார் தியோடர், மஞ்சள் மணியைக் காட்டி.

நியாயமான கேள்விதான். கேத்தரின் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டுப் பென்டிரைவை மறுபடி செருகினாள். மணி ஒரே ஒரு தடவை ஒலித்தது. திருடனைப் பிடித்துப் பூட்டியாகிவிட்டது என்று ஒரு வரி வந்தது, போனது. பிறகு பழையபடி மௌனம். மனசுக்கு நிறைவாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவள் காபி போடப் போனாள். மணியை விட்டுக் கம்ப்யூட்டரையும் துடைத்தாள், பென்டிரைவையும் சுத்தம் செய்தே திருப்பிக் கொடுத்தாள், காரணம் சொல்லாமல்.

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து இரண்டு வீட்டாரும் தலையாட்டினார்கள். சனிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா புத்தகத்தில் விரல் வைத்துத் தமிழ் வாசகத்தைக் கன்னடத்தில் தொடர்ந்தார். நோராவின் பெரியப்பா கன்னடப் பாட்டுக்குத் தமிழில் வாயசைத்தார். பதில் ஜெபத்தை அவரவர் மொழியில் ஒரே நேரத்தில் சொன்னார்கள், கூரை அதிர்ந்தது. கேத்தரினுக்குக் கண் நிறைந்துவிட்டது.

தியோடர் அவள் காதருகே குனிந்தார். "கம்ப்யூட்டருக்கு ஒண்ணே போதும்னுட்ட. அப்போ இனிமே நவநாளும் ஒரு கோயில்தானே? எனக்கும் பஸ் காசு மிச்சம்."

கேத்தரின் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அவங்க மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் திருடன்னு சொல்ல மாட்டாங்க," என்றாள். "செவ்வாய்க்கிழமை சீக்கிரம் கெளம்புங்க."