மேல்வரிசைப் பல்

பல் டாக்டரிடம் யாரும் முதலில் வருவதில்லை. எல்லோரிடமும் போய்விட்டுக் கடைசியாகத்தான் வருகிறார்கள். கிராம்புத் தைலம், மூக்குப்பொடி, பக்கத்து வீட்டில் மிச்சமிருந்த மாத்திரை, மெடிக்கல் கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்த மாத்திரை, இத்தனையும் கைவிட்ட பிறகு என் மாடிப்படி ஏறுவார்கள். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே என் கிளினிக். நாற்காலியில் சாய்ந்தால் ஜன்னல் வழியாக ராஜகிரி மலை தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு வலியை மறப்பார்கள் என்று நினைத்துத்தான் நாற்காலியை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. எல்லோரும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்கள்.

நீங்களும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எதிரில் இருப்பவருக்கு நல்லதைச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்குகிறவர் என்றால், மேலே படியுங்கள். மற்றவர்கள் போய்ப் பல் விளக்கலாம்.

கை நிறையப் பூச்சி

தளவானூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி, வேர் மட்டும் மிச்சம். அதைத் தோண்டி எடுப்பதற்குள் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. எடுத்து முடித்துப் பஞ்சைக் கடிக்கச் சொன்னால், மனிதர் பஞ்சை வெளியே எடுத்துவிட்டுத் தட்டில் எதையோ தேடுகிறார். விசாரித்தால், என்னிடம் வருவதற்கு முன்பு அவலூர்பேட்டை சந்தையில் ஒரு அம்மாவிடம் போயிருக்கிறார். அந்த அம்மா காதில் குழாய் வைத்துப் புகை ஊதி, பல்லில் இருந்த பூச்சியையெல்லாம் தண்ணீரில் விழவைத்துக் காட்டியதாம்.

பல்லில் பூச்சியே கிடையாது, அது அந்த அம்மா கொண்டுவந்த பூச்சி என்று எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். படி இறங்கும்போது என் உதவியாளர் செல்வியிடம் சொல்லிவிட்டுப் போனார்: "அந்தம்மா கை நிறைய எடுத்துக் காட்டுச்சி. இவரு இவ்ளோ மிஷினு வெச்சிக்கினு ஒண்ணுகூட எடுக்கல."

ஊசியில் நூல் கோக்கிற பெண்

சாந்தி ஜாக்கெட் தைப்பவள். அவலூர்பேட்டை ரோட்டில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து கணவன் ஏழுமலையோடு வந்தாள். இடது பக்கம், மேல்வரிசைக் கோரைப்பல். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. இனி காப்பாற்ற முடியாது, உடனே எடுத்துவிட வேண்டும் என்றேன். "எடுத்துடுங்க சார், தூக்கமே இல்ல" என்று அவளே நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ஏழுமலைதான் நடுவில் வந்து நின்றான்.

மேல்பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைகூடச் சொல்லும். கண் நரம்பு வேறு, பல் நரம்பு வேறு என்று படம் வரைந்து காட்டினேன். எடுக்காமல் விட்டால்தான் சீழ் மேலே ஏறிக் கண்ணுக்கு ஆபத்து என்றும் சொன்னேன். ஏழுமலை முரடன் இல்லை. மனைவி தலையில் இருந்த பூ நாற்காலியில் நசுங்குகிறது என்று அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டவன். பயந்துபோயிருந்தான், அவ்வளவுதான். கடைசியில் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்தான். "கீழ்ப்பல்லா இருந்தா இப்பவே எடுங்கன்னு சொல்லிடுவேன் சார். ஊசில நூல் கோக்குற பொம்பள, கண்ணு போச்சின்னா இன்னா பண்ணுவா?"

அறிவியல் வாத்தியார்

படிக்காதவர்கள்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே வாரம் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் அறிவியல் நடத்தியவர். மேல்பல் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி போட நான் கையைத் தூக்கியதும், பல்லை எடுத்தால் கண்ணாடி பவர் ஏறுமா என்று கேட்டார். நரம்புப் பாடத்தை நீங்களே எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பீர்கள் என்றேன். வெட்கப்படுவார் என்று பார்த்தேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"பாடம் வேற சார். இது நம்ம கண்ணு."

அமாவாசை முடியட்டும்

செவ்வாய், வெள்ளியில் ரத்தம் பார்க்கக் கூடாது என்று எங்கள் ஊரில் யாரும் பல் எடுக்க வரமாட்டார்கள். அமாவாசையன்று கேட்கவே வேண்டாம். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற ஸ்பெஷல் பஸ் எல்லாம் ஜன்னலுக்குக் கீழே நிரம்பி வழிந்து போகும். நானும் செல்வியும் நாற்காலியைத் துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டிருப்போம்.

அப்படி ஒரு அமாவாசைக்கு முந்தைய நாள் ஏழுமலை மட்டும் வந்தான். சாந்திக்குக் கன்னம் வீங்கிவிட்டதாம், அதே மாத்திரையை இன்னும் கொஞ்சம் எழுதித் தரச் சொன்னான். மாத்திரைக்கு அடங்குகிற நிலை தாண்டிவிட்டது, இன்றைக்கே கூட்டி வா என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாதுதான், ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி கேட்காமல், செல்வியிடம் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அமாவாசை முடியட்டும்மா. அம்மன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு, அவ சரின்னு சொன்னா மறுநாளே இட்டாந்துடுறேன்."

ஆட்டோவில் வந்தவள்

சொன்னபடியே இட்டாந்தான். ஆட்டோவிலிருந்து சாந்தியை இரண்டு பேர் தாங்கித்தான் மேலே கொண்டுவர முடிந்தது. இடது கன்னம் முழுக்கச் சிவந்து, வீக்கம் ஏறி, இமை ஒட்டிப்போய்க் கண் திறக்கவில்லை. காய்ச்சல் கொதித்தது. இமையைப் பிரித்து எத்தனை விரல் என்று கேட்டேன். விரலே தெரியவில்லை என்றாள். பல் பழுத்து ஆடிக்கொண்டிருந்தது, அதை எடுக்க நிமிஷம்கூட ஆகவில்லை. சீழை வடியவிட்டு, அதே ஆட்டோவில் விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பின்னாலேயே நானும் பைக்கில் போனேன்.

அங்கே ராப்பகலாக ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. பல்லை எடுத்ததால் அல்ல, எடுக்காததால் என்று அங்கிருந்த கண் டாக்டரும் ஏழுமலைக்கு விளக்கினார். அவன் வார்டு வாசலில் என் பக்கத்தில் நின்று அழுதான். எனக்கும் அழுகை வந்தது. ஆறுதலாக அவன் தோளில் கை வைத்தேன். கையைத் தட்டிவிடாமல், கோபமும் இல்லாமல் சொன்னான்: "நான் அன்னைக்கே சொன்னேனே சார், மேல்பல்லுன்னு."

செல்வியின் மேல்பல்

செய்தி எனக்கு முன்னால் செஞ்சி வந்து சேர்ந்துவிட்டது. திண்டிவனம் ரோட்டு டாக்டர் பல்லைப் பிடுங்கினார், பொம்பளைக்குக் கண் போயிற்று. இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். மேல்பல் வலிக்காரர்கள் வருவது நின்றுபோயிற்று. ஒருநாள் செல்வியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாந்தியின் எக்ஸ்ரேயை எடுத்தவள், சீழைத் துடைத்தவள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். வா, நாற்காலியில் உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"பல்லால போவலன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா எடுத்ததுக்கு அப்புறம்தானே போச்சி."

சாந்தி மறுபடியும்

சில மாதம் கழித்துச் சாந்தி தனியாக வந்தாள். இந்த முறை கீழ்ப்பல். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கப் பழகிவிட்டதாகச் சொன்னாள். பல்லை எடுத்து முடித்துப் பஞ்சு வைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தாங்காமல் கேட்டே விட்டேன். மற்றவர் சொன்னால் நம்பமாட்டார்கள், நீ ஒருத்தி நடந்ததைச் சொன்னால் ஊர் நம்பும், அடுத்தவளுக்காவது கண் மிஞ்சும், சொல்லேன் அம்மா என்று கெஞ்சினேன்.

பஞ்சை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கே எடுத்திருந்தா கண்ணு இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும் சார். ஆனா அதை வாயத் தொறந்து நான் சொன்னா, அவராலதான் போச்சின்னு ஆயிடும். அவரு தாங்கமாட்டாரு. நீங்க டாக்டரு, தாங்கிப்பீங்க."

தாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன், செஞ்சி வட்டாரத்தில் கீழ்வரிசைப் பல்லுக்கு மட்டும் கைராசிக்காரன் என்ற நல்ல பெயரோடு.