நூம்பல் முனையில் இறங்கி ஏறியவர்

ஊர் எப்படி வளர வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் ஒரே பதில்தான்: முதலில் பஸ்ஸை விடுங்கள், அப்புறம் மனையை விற்கலாம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்னைக்கு வெளியே பூந்தமல்லியை ஒட்டிய எங்கள் நூம்பலில் எல்லாம் தலைகீழாக நடந்தது. கல் நட்டார்கள், மனை விற்றார்கள், நாங்களும் வீடு கட்டிக் குடிவந்துவிட்டோம். பஸ்ஸைத்தான் காணோம்.

சேற்றில் நடந்து நெடுஞ்சாலை முனைக்கு வந்தால், பூந்தமல்லியிலேயே நிரம்பிவிட்ட பஸ் எங்களைப் பார்த்ததும் இன்னும் வேகமெடுக்கும். யாராவது இறங்கினால்தான் நிற்கும். காலையில் அங்கே யார் இறங்குவார்கள், எருமை மாடா? எனக்கோ பாரிமுனையில் டைப்பிஸ்ட் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. "இன்னொரு தரம் லேட்டா வந்தா, வரவே வேணாம்மா" என்று மேனேஜர் சொல்லியிருந்தார். வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கையாட்டுவேன்.

பாரிமுனையில் வளையல் கடை வைத்திருந்த பூந்தமல்லி பாய் ஒருவர், நாங்கள் கையாட்டி ஏமாறுவதைத் தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் எங்கள் முனைவரைக்கும் மட்டும் டிக்கெட் வாங்கி, இறங்கினார். பஸ் நின்றது. நாங்கள் ஏறினோம். பின்னாலேயே அவரும் ஏறி, மறுபடி டிக்கெட் கேட்டார்.

"இன்னா பாய், வெளாடுறியா?" என்றார் கண்டக்டர்.

"எறங்குனேன், ஏறுனேன். இன்னா தப்பு நைனா?"

மறுநாளும் இறங்கினார். அதற்கு மறுநாளும். உட்கார்ந்த இடத்தை எங்களுக்காகத் தினமும் விட்டுவிட்டுத் தொங்கிக்கொண்டு வந்த மனுஷன்! கூடப்பிறந்த அண்ணன்கூடச் செய்ய மாட்டான்.

ஒரு மழைநாளில் படிவரைக்கும் கூட்டம். பாய் இறங்கினார், நாங்கள் முண்டியடித்து ஏறினோம், கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால், பாய் நனைந்துகொண்டே நிற்கிறார். "போம்மா, போ, நேரமாவுது" என்று கையைக் காட்டுகிறார். ஆபீசுக்கு நேரத்தோடு போய்விட்டேன். ஆனால் அன்று ஒரு வரி ஒழுங்காக அடிக்க முடியவில்லை.

மறுநாள் பாய் இறங்கினார். நாங்கள் யாரும் ஏறாமல் பஸ்ஸை மறித்து நின்றோம்.

"ஏறுங்கம்மா, இன்னாத்துக்கு நிக்கிறீங்கோ?" என்று கண்டக்டர் கத்தினார்.

"பாய் ஏறட்டும்" என்றேன். என் குரல்தானா அது!

என் ஆபீஸ் கதை பாய்க்குத் தெரியும். "வேலை பூடும் தங்கச்சி, ஏறு" என்று கெஞ்சினார்.

"போனா போகட்டும். நீங்க ஏறுங்க."

உள்ளே இருந்தவர்கள் திட்டினார்கள். ஹாரன் காதைக் கிழித்தது. நாங்கள் அசையவில்லை. கடைசியில் டிரைவரே தலையை வெளியே நீட்டினார்.

"யோவ் பாய், ஏறித் தொலைய்யா! நாளைலேர்ந்து நீ எறங்க வாணாம், நானே நிறுத்துறேன்."

அன்று லேட்டாகத்தான் போனேன். வேலை போகவில்லை. போயிருந்தாலும், பாய் ஏறாமல் நான் ஏறியிருக்க மாட்டேன்.