இன்னும் கொஞ்சம் வைக்கவா?

ஓட்டல் வேலை என்பது அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற வேலை. மாஸ்டருக்கு அடுப்பு, முதலாளிக்குக் கல்லா, எங்களுக்கு இலை. சப்ளையராக இருந்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். இல்லாதவர்களும் கவலைப்பட வேண்டாம். சாம்பார் வாளி நம் இலைக்கு முந்திய இலையோடு திரும்பிப் போனதைப் பார்த்த எவரும் நம் கட்சிதான்.

திண்டுக்கல்லில் நான் மூன்று வகை ஓட்டலிலும் இருந்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் இலைச் சாப்பாட்டு மெஸ், அப்புறம் பிரியாணிக் கடை, கடைசியாகப் பைபாஸில் ஏசி போட்ட பெரிய ரெஸ்டாரண்ட். அங்கே என்னைச் சப்ளையர் என்று சொல்ல மாட்டார்கள், கேப்டன். கப்பல் என்ன ஆனது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எது நல்லா இருக்கும்?

பிரியாணிக் கடையில் உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான். நாங்களும் யோசிக்காமல், "மட்டன் பிரமாதமா இருக்கும்ணே" என்போம். நாங்கள் சாப்பிடுவது கூட்டம் வடிந்த பிறகு. அதற்குள் கறியெல்லாம் ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அண்டாவின் அடியில் ஒட்டியிருக்கிற சோறும் ஆறிப்போன தால்சாவும்தான் எங்கள் பங்கு, அதுவும் நின்றுகொண்டே. வாயில் வைக்காத பண்டத்தை நாக்கில் எச்சில் ஊற வர்ணிப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பூ விவசாயம் பார்க்கிற பெரியவர் ஒருவர், மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வருவார். ஒரு நாள் நான் மட்டனை வர்ணித்துக்கொண்டே போக, கையைக் காட்டி நிறுத்தினார். "அது கிடக்கட்டும், நீ சாப்ட்டுப் பாத்தியா?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். அவர் விடாமல் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார் என்று தட்டிக் காட்டினார். கல்லாவிலிருந்து முதலாளி பார்க்கிறார். நான் தால்சா வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவினேன். முதுகுக்குப் பின்னால் அவர் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"நான் பூ விக்கிறவன். என் வீட்டுக்காரிக்கு ஒரு முழம் கிள்ளி வச்சுட்டுத்தான் மார்க்கெட்டுக்கு வாரேன். ஒனக்கு ஒரு வாய் இல்லையா அப்பு?"

மில் பஸ் வருகிற வரைக்கும்

அந்தப் பேச்சை வீட்டில் போய்ச் சொன்னேன். என் மனைவி செசிலி வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். காலையில் அவளை ரோட்டில் மில் பஸ் ஏற்றிவிட்டுத்தான் நான் கடைக்குப் போவேன். பஸ் வருகிற வரைக்கும் எங்களுக்குள் ஒரே பேச்சு, நேற்றுக் கடையில் என்னென்ன போட்டார்கள் என்பதுதான். அவள் கையில் இருக்கிற தூக்குவாளியில் புளிச்சோறு இருக்கும். காதில் காடை வறுவல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

பெரிய ரெஸ்டாரண்டில் சேர்ந்த பிறகு கேள்வி இன்னும் கூடியது. அங்கே செஃப் எங்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் கொடுத்து, எப்படி விளக்க வேண்டும் என்று சொல்லித் தருவார். அதைச் செசிலிக்கு நான் விளக்குவேன். ஒரு நாள், "ஒன்னையும் அங்க ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன். வகை வகையா சாப்புடலாம்" என்றேன். அவள் முகம் மலரும் என்று பார்த்தால், கொஞ்சம் யோசித்தாள். வீட்டில் நான் உட்காருவேன், அவள் வைப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அந்தச் சாப்பாட்டு மேல ஆசையில்லங்க. ஊருக்கெல்லாம் 'இன்னும் கொஞ்சம் வைக்கவா'ன்னு கேக்குறீங்கள்ல, ஒரு நாளைக்கி என்னைய உக்கார வச்சு என்கிட்ட கேளுங்க. அம்புட்டுதான்."

பச்சைக் கோடு

பெரிய ரெஸ்டாரண்டில் தட்டு ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கும். நடுவில் பண்டம் ஒரு கைப்பிடி. சுற்றிலும் செஃப் மல்லித்தழைச் சட்னியால் பிரஷ் வைத்து ஒரு கோடு இழுப்பார். அந்தக் கோட்டுக்காக அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் நமக்கே பயமாக இருக்கும்.

சேவுகம்பட்டியிலிருந்து தென்னந்தோப்புக்காரர் ஒருவரை அவருடைய மகன்கள் கூட்டி வந்தார்கள். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. நான் அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, அடுத்த தட்டை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான். டம்ளர் தண்ணீரைக் கையில் ஊற்றித் தட்டின் ஓரமெல்லாம் தெளித்து, இலையைத் துடைப்பது போல வழித்துத் தரையில் விட்டுவிட்டார். காடைத் துண்டு மட்டும் நடுவில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். செஃப் சமையலறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியவர் மட்டும் என்னை அருகில் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல், எனக்குத் திட்டு விழக்கூடாதே என்ற அக்கறையோடு சொன்னார்.

"தட்டைச் சரியா கழுவல தம்பி. ஓரத்துல பச்சையா என்னமோ ஒட்டியிருந்துச்சு. பரவாயில்ல, நானே தொடச்சுட்டேன். மொதலாளிகிட்ட சொல்லல."

இன்னும் கொஞ்சம்

அங்கே பண்டம் ஒவ்வொன்றாக வரும். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சீரகச் சம்பா பிரியாணி ஒரு சின்னக் கிண்ணத்தில் கண்ணாடி மூடி போட்டு வரும். மூடியைத் திறந்தால் புகை பறக்கும். புகை அடங்கியதும் பார்த்தால் மூன்று வாய்தான் இருக்கும். கடைசியில் சிறுமலை வாழைப்பழ ஐஸ்கிரீம். அதைச் சாப்பிட்டு முடித்த ஒரு குடும்பம், கையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நானும் நின்றுகொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டு அம்மா, "இதெல்லாம் சரிப்பா, சாப்பாடு எப்ப வரும்?" என்றார்.

அவர் கேட்ட விதத்தில் எனக்கு மனசு தாங்கவில்லை. பழைய மெஸ் பழக்கம் வாயில் வந்துவிட்டது. "இன்னும் கொஞ்சம் பிரியாணி வைக்கவாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா சந்தோஷமாகத் தலையாட்ட, நானும் உள்ளே போய்க் கேட்க, செஃப் முதலாளியைக் கூப்பிட்டுவிட்டார். முதலாளி வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர், என்னைவிட வயதில் சின்னவர், மரியாதையான மனிதர். கோபப்படவில்லை. ஓரமாக அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னார்.

"அண்ணே, இங்க பசிச்சு யாரும் வர்றதில்ல. இனிமே அப்படிக் கேக்காதீங்க."

சாம்பல் புதன்

செசிலி ஆசைப்பட்டதே அந்தக் கேள்விக்குத்தான். அதையே கேட்கக்கூடாது என்றால் அவளை எதற்குக் கூட்டி வருவது? தயங்கித் தயங்கி முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அவங்ககிட்ட மட்டும் கேளுங்கண்ணே. வாரநாள் மத்தியானம் எப்படியும் காலியாத்தான் கிடக்கு" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் மில்லில் லீவு கிடைப்பதற்குள் தவக்காலம் பிறந்துவிட்டது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிவிட்டால், ஈஸ்டர் திருப்பலி முடிகிற வரைக்கும் செசிலி கறி, மீன், முட்டை எதையும் தொட மாட்டாள். அந்த ரெஸ்டாரண்டில் கறி இல்லாமல் வருவது வாழைப்பழ ஐஸ்கிரீம் ஒன்றுதான். ஒரு நாள் மட்டும் விட்டுக்கொடு என்று கேட்டுப் பார்த்தேன். அவள் எனக்குச் சொன்ன ஆறுதல்தான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

"சாமிக்குச் சொன்னது சொன்னதுதாங்க. ஓட்டல் எங்க ஓடிப் போகப்போகுது? ஈஸ்டருக்கு எடுக்குற சேலையிலயே வாரேன்."

இரண்டாம் தடவை

ஓட்டல் ஓடித்தான் போனது. ஆரம்பத்தில் கூட்டம் வந்தது. வந்தவர்கள் புகை பறக்கும்போது போட்டோ எடுத்தார்கள், செஃபுக்குக் கை கொடுத்தார்கள், போகும் வழியில் பிரியாணிக் கடையில் வண்டியை நிறுத்தினார்கள். அங்கே வேலை பார்க்கிற பழைய கூட்டாளிகள் எனக்குப் போன் போட்டு, "ஒங்க ஆளுக இங்க வந்துட்டாக" என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. செஃபின் காடை நிஜமாகவே நன்றாக இருக்கும். ஒரு ஸ்பூன் சாப்பிட்டவன் சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு முந்திய வாரம், குருத்து ஞாயிறு வருவதற்குள் ரெஸ்டாரண்டின் கதவில் வாடகைக்கு என்று போர்டு தொங்கியது. கடைசி நாளில் முதலாளி தட்டுகளை எண்ணாமலேயே அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நானும் கூட நின்று எடுத்துக் கொடுத்தேன். ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, யாரையும் குறை சொல்லாமல் சொன்னார்.

"நல்லா இல்லன்னு ஒருத்தர்கூட சொல்லலண்ணே. ரெண்டாந்தடவைதான் யாரும் வரல."

ரசம் வரைக்கும்

ஈஸ்டர் முடிந்து, செசிலி புதுச் சேலை கட்டிக்கொண்டு தயாராக நின்றாள். பைபாஸ் கடை இல்லை. சொன்ன வாக்கை விட மனமில்லாமல், நான் முதலில் வேலை பார்த்த மெஸ்ஸுக்கே கூட்டிப்போனேன். வாடிக்கையாளராக அந்த வாசலில் நுழைவது எனக்கு அதுதான் முதல் தடவை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். இலை போட்டார்கள், சோறு வந்தது, கூட்டு, பொரியல் என்று வெஞ்சனம் வந்தது. செசிலி சேலை முந்தானையை ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அழகை நான் மறக்க மாட்டேன்.

அன்றைக்கென்று ஒரு சப்ளையர் வரவில்லை. கூட்டம் முட்டுகிறது. செசிலி இலையில் சோறு காய்ந்துகொண்டிருக்கிறது, ரசம் வரவில்லை. இதற்குத்தானே வந்தோம் என்று எழுந்து, ஆணியில் தொங்கிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரச வாளியை நானே எடுத்தேன். அவள் முன்னால் குனிந்து, "இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்டேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள். சோற்றில் குழி பறித்துக் காட்டினாள். ஊற்றினேன். அத்தோடு வாளியை வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அடுத்த இலைக்காரர், "இங்கிட்டும் ரெண்டு கரண்டி" என்றார். அதற்கடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார். இலையில் கையை வைத்துக்கொண்டு பார்க்கிற முகத்தைக் கடந்து போக என் காலுக்குத் தெரியாது. வரிசை முழுக்கப் போய், எதிர் வரிசையும் முடித்து, மோர் வாளியோடு திரும்பி வந்தேன். என் இலையில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. செசிலி தன் இலையை மடித்துவிட்டிருந்தாள். மடித்த இலையின் முன்னால் கேட்பதற்குச் சப்ளையரிடம் ஒரு கேள்வியும் கிடையாது. அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டம். கை கழுவிவிட்டு வந்து, என் தோளில் கிடந்த துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ரசம் வரைக்கும் நல்லாத்தாங்க இருந்துச்சு. மோருக்கு நான் ஒத்தையிலதான் இருந்தேன்."

இத்தனை கடையில் இத்தனை பேருக்கு வைத்ததில் என் பரிமாறலைக் குறை சொன்னவர்கள் உண்டு, சொன்னதில் நியாயம் இருந்தது என் பெண்டாட்டி ஒருத்தியிடம்தான்.