ஜிப் வைத்த உறையும் எங்கள் ஊர் மூக்குகளும்

தலையணைப் பாதுகாப்பு உறை விற்பவனுக்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு போட்டியாளர்தான்: பழைய வேட்டி. அதைக் கிழித்து மூன்று பக்கம் தைத்து, நாலாவது பக்கம் வழியாகத் தலையணையைத் திணித்துவிட்டால் போதும். அடுத்த பத்து வருஷத்துக்குத் தலைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பெரம்பலூரில் ஒரு மெத்தைக் கடையில் பதினோரு வருஷமாக நின்றுகொண்டிருக்கிறேன். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே பத்துத் தும்மல் போடும் என் சக தும்மல்காரர்களே, உங்களிடம் சொல்லாமல் யாரிடம் போய் அழுவேன்? நான் சொல்வது மேலே போடுகிற பூப்போட்ட உறையை அல்ல. அதற்கும் உள்ளே போடுகிற உறை. நெருக்கி நெய்த துணி, எல்லாப் பக்கமும் மூடி, ஓரத்தில் ஒரு ஜிப். தலையணைக்குள் குடித்தனம் நடத்தும் கண்ணுக்குத் தெரியாத பூச்சியின் சமாசாரமெல்லாம் நம் மூக்குக்கு வராமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. இந்த நாலு வரியைப் புரியவைப்பதற்குள் எனக்கு மீசை நரைத்துவிட்டது.

டாக்டர் சீட்டு

ஆலத்தியூரிலிருந்து அமுதா என்ற பெண்மணி, ஒன்பது வயது மகள் கயல்விழியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பிள்ளைக்கு ஓயாத இரைப்பு, டாக்டர் பாஷையில் வீசிங். படுத்தால் இருமல், எழுந்தால் தும்மல், வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம். பெரம்பலூர் டாக்டர் மருந்து எழுதிய சீட்டின் அடியில் தலையணைக்கு ஜிப் உறை போடும்படியும் எழுதியிருந்தார். பிள்ளை தலை வைத்துப் படுப்பது அமுதாவின் கல்யாணத்துக்குத் தைத்த இலவம்பஞ்சுத் தலையணையில். அது பிள்ளையைவிட இரண்டு வயது மூத்தது.

சீட்டோடு ஆள் வருவது எங்கள் தொழிலில் அபூர்வம். எனக்குத் தலைகால் புரியவில்லை. "தூசி உள்ள போகவே போகாதும்மா. வச்ச பொருள் வச்ச மாதிரி அப்படியே இருக்கும்" என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அளந்தேன். அந்த வாயை அன்றைக்கே தைத்துக்கொண்டிருக்க வேண்டும். கயல்விழி அதற்குள் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடி, கடையில் எல்லாருக்கும் வேடிக்கை காட்டினாள்.

அமுதா கடைசியில் வாங்கிக்கொண்டுதான் போனார். ஆனால் அதற்கு முன்னால் லாரி ஓட்டும் தன் கணவரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டு அனுமதி கேட்டார். கடை முழுக்கக் கேட்கும்படி அந்தக் கணவர் சொன்னார்: "தெனம் நூறு லாரி போற ரோட்டுல வூட்ட வச்சிக்கிட்டு, தலகாணிக்குச் சட்ட மாட்டிவிட்டா சரியாப் போயிடுமா?"

பூச்சியைக் காட்டு

உடையார்பாளையம் பக்கத்து விவசாயி ஒருவர். நல்ல நிலபுலம், வெள்ளை வேட்டி, கக்கத்தில் பை. கட்டில் வாங்க வந்தவரிடம் நான் உறையைப் பற்றி ஆரம்பித்தேன். தலையணையில் பூச்சி இருக்கும் என்று சொன்னதுதான் தாமதம், அவர் முகம் மாறிவிட்டது. அவருடைய குலத்தையே நான் குறை சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாதுங்க, எல்லார் வீட்டிலும் இருக்கும்ங்க, என் வீட்டிலும் இருக்குங்க என்று எவ்வளவோ இறங்கி வந்து பார்த்தேன். தெரியாததை நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று குறுக்கு விசாரணை நடந்தது.

கட்டிலும் வேண்டாம் என்று செருப்பை மாட்டியவர், வாசலில் நின்று திரும்பி எனக்கு ஒரு விளக்கம் கொடுத்தார்: "எங்க வூட்டுக்குள்ள வந்த பூச்சி எதுவும் உசுரோட வெளிய போனதில்ல, தம்பி."

தேர்வு செய்யும் முறை

உறை தேர்வு செய்வது எப்படி என்று நானே அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறேன். ஜிப் முழுக்க மூட வேண்டும். தலையணை அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். அடியில் ரப்பர் பூசியது தண்ணீரைத் தடுக்கும், ஆனால் நம்ம ஊர் வெயிலுக்குப் பின்னங்கழுத்து வேகும், புரண்டால் சரசரக்கும். பருத்தி என்றால் காற்று போகும். அடிக்கடி துவைத்துத் தாங்க வேண்டும்.

அரியலூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்த அட்டையை முழுக்கப் படித்தார். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தவும் சொன்னார். பிறகு ஒவ்வொரு உறையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், இழுத்தார், மோந்தார், வாயில் வைத்து ஊதினார். ஒன்றை முகத்தில் போட்டுக்கொண்டு மூச்சு விட்டுப் பார்த்தபோது எனக்குத்தான் மூச்சு நின்றது. முக்கால் மணி நேரம். இப்படியும் ஒரு வாடிக்கையாளரா என்று என் மனம் குளிர்ந்துபோனது.

எல்லாச் சோதனையும் முடிந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: "எல்லாம் வெள்ளையா இருக்கேப்பா. அழுக்கு தெரியாத கலர்ல ஒண்ணு குடு."

பஸ்ஸில் வந்த தலையணை

அளவு தெரியாவிட்டால் தலையணையை அளந்து எழுதி வாருங்கள் என்று போனில் சொல்வது வழக்கம். ஜெயங்கொண்டத்துக்காரர் ஒருவர் தலையணையையே கொண்டுவந்துவிட்டார். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் வைத்துக்கொண்டு வந்தாராம். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, சௌகரியமாக வந்தேன் என்றார். ஏன் உட்காரவில்லை என்பது அவர் பையைத் திறந்ததும் புரிந்தது. ஒரு காலத்தில் அதற்கு ஏதோ நிறம் இருந்திருக்கும். இப்போது நடுவில் வாணலி போல ஒரு கறுப்பு வட்டம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், தைலம் என்று அவருடைய தலையின் முழு வரலாறும் அதில் இருந்தது.

இதற்கு உறை போடுவது வீண், முதலில் தலையணையை மாற்றுங்கள் என்றேன். அவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எண்ணெ ஏறுனாத்தான் சார் அது தலகாணி, அதுவரைக்கும் அது வெறும் பஞ்சு மூட்ட."

பிரிக்காத சீர்

செட்டிகுளத்து வெங்காய விவசாயி ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மெத்தை, இரண்டு தலையணை, அவற்றுக்குப் பாதுகாப்பு உறை என்று சீர் சாமான் எடுத்தார். எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள் பளபளவென்று மண்டபத்துக்குப் போயிற்று. பத்து மாதம் கழித்துப் புது ஜோடி கடைக்கு வந்தது. படுத்தால் வேர்த்து ஊற்றுகிறது, புரண்டால் முறுக்குக் கடிக்கிற மாதிரி சத்தம், இருவருக்கும் தூக்கமில்லை, மெத்தையே கோளாறு என்று மாப்பிள்ளை குதித்தார். மெத்தையைப் போட்டோ எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். காட்டினார்.

மெத்தை பிளாஸ்டிக் பைக்குள். தலையணை பிளாஸ்டிக் பைக்குள். நான் விற்ற உறை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள், தலையணைக்குப் பக்கத்தில் சாமி படம் போலச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. ஏம்மா பிரிக்கவில்லை என்று பெண்ணைக் கேட்டேன். இதுகூடத் தெரியாத ஆளா என்பது போல என்னைப் பார்த்தார். "பிரிச்சா பழசாயிடுமே சார்."

சாந்தி சொன்னது

என்னோடு கடையில் வேலை பார்ப்பவர் சாந்தி. மதியம் கூட்டமில்லாதபோது நான் மாதிரிக்கு வைத்திருக்கும் தலையணையில் அரை மணி நேரம் சாய்வது உண்டு. தாலுகா ஜனம் முழுக்க அமுக்கிப் பார்த்த தலையணை அது. ஒருநாள் எழுந்து வரிசையாக ஒன்பது தும்மல் போட்டுவிட்டு, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒவ்வாமையைப் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சாந்தி நிமிர்ந்துகூடப் பார்க்காமல், துணியை மடித்துக்கொண்டே சொன்னார்: "அண்ணே, மொதல்ல உங்க தலகாணிக்கு ஒண்ணு மாட்டுங்க, அப்பறம் ஊருக்கு மாட்டலாம்."

மறுபடியும் ஆலத்தியூர்

அமுதா மூன்று மாதம் கழித்து வந்தார், இந்த முறை தனியாக. படி ஏறும்போதே கோபம் தெரிந்தது. உறை சுத்த மோசம், பிள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்லை, போன வாரம் ஆஸ்பத்திரியில் முகத்தில் மருந்துப் புகை மாஸ்க் வைத்து உட்காரவைத்துவிட்டார்கள், பரீட்சையும் போச்சு என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்தது. மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி அவரிடம் நக்கல் பேச வாய் வரவில்லை.

ஜிப்பை முழுக்க மூடுகிறீர்களா என்று கேட்டேன். ஒரு நூல் இடைவெளி இல்லாமல் மூடுகிறேன் என்றார். கிழிந்திருக்கிறதா? இல்லை. துவைக்கிறீர்களா? இந்தக் கேள்விக்குத்தான் அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை வந்தது. "தொவைக்கவே வேணாம் சார். அழுக்கே ஆகல. வாங்குனப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு!"

பீரோவுக்குள் ஒரு தலையணை உறை

மூன்று மாதம் ஒரு ஒன்பது வயசுத் தலை படுத்தும் அழுக்காகாத துணியை இன்னும் யாரும் நெய்யவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆலத்தியூரில் ஒரு வீட்டுக்கு மெத்தை இறக்க வேண்டியிருந்தது. இறக்கிவிட்டு, வேனை அமுதா வீட்டுக்கு விடச் சொன்னேன். கணவர் கைலியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கயல்விழி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தாள். அவள் மூச்சு விடும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. அவள் தலைக்குக் கீழே அதே இலவம்பஞ்சு, அதே பழைய வேட்டி உறை. அம்மா, நான் கொடுத்தது எங்கே என்றேன்.

அமுதா சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தார். மேல் தட்டில், மடிப்புக் கலையாமல், வெள்ளை வெளேரென்று இருந்தது என் உறை. ஜிப் ஒரு நூல் இடைவெளி இல்லாமல் மூடியிருந்தது. உள்ளே தலையணை இல்லை. அவருடைய முகூர்த்தப் பட்டுப்புடவை இருந்தது.

"பாப்பாவுக்கு இரைப்பு ரொம்ப முத்துற அன்னிக்கு எடுத்துப் போடுவேங்க. நின்னதும் கழட்டிருவேன். தெனம் போட்டா எண்ணெ ஆக்கிப்புடுவா, நல்ல பொருளு. மத்த நாள்ல சும்மாதானே கெடக்குன்னு பொடவய வச்சேன். தூசி போகாது, வச்சது வச்ச மாதிரியே இருக்கும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

இருமல் மருந்து மாதிரி, வந்தால் மட்டும் ஒரு வேளை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் மேல் பாதி, பதினோரு வருஷமாகத் தூசியைப் பற்றிப் பேசிவிட்டு, உறையைத் தினமும் போட வேண்டும் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்ட என் மேல் பாதி. எதையாவது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் கட்டிலிலிருந்து கயல்விழி தலையைத் தூக்கினாள். கேலியும் இல்லை, கோபமும் இல்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்: "அம்மா, பட்டுப்பொடவைக்கும் வீசிங் இருக்கா?"

அமுதா பீரோக் கதவைப் பிடித்தபடி நின்றார், கண் கலங்கிவிட்டது. எழுந்தது அந்த லாரிக்காரர்தான், தலையணைக்குச் சட்டை எதற்கு என்று கேட்டவர். புடவையை உருவி மனைவி கையில் கொடுத்தார். பிள்ளையின் தலையணையை எடுத்தார், கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு தட்டுத் தட்டினார். கிளம்பிய தூசியில் அவருக்கே தும்மல் வந்தது. அதைக் கொல்லையில் வீசிவிட்டு, வேனில் மிச்சமிருந்த புதுத் தலையணை ஒன்றை என்னிடம் வாங்கி, உறைக்குள் நுழைத்து, தானே ஜிப்பை இழுத்து மூடினார். தினமும் என்றேன். வாரம் தவறாமல் வெந்நீரில் துவைக்கவும் என்றேன். தலையை ஆட்டினார்.

ஒரு மாதம் கழித்து அமுதா போன் செய்தார். டாக்டரின் மருந்தோடு தினமும் உறையும் சேர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். பிள்ளை இருமாமல் தூங்குகிறாளாம், பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாளாம். எனக்குச் சந்தோஷத்தில் தும்மல்கூட நின்றுவிட்டது. போனை வைக்கப் போன சமயத்தில் அவர் அவசரமாகச் சொன்னார்: "சார், நாளைக்கு டவுனுக்கு வரேன், இன்னொண்ணு எடுத்து வைங்க, பொடவ சும்மா தூசியில கெடக்கு."

பதினோரு வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்: எங்கள் ஊரில் தூசி படாமல் காக்கவேண்டிய பொருள்களின் வரிசையில் மூக்கும் இருக்கிறது, பட்டுப்புடவைக்கு அடுத்து, யாராவது ஒரு பிள்ளை வாய் திறந்து கேட்டால்.