வெட்ட வெட்டச் சூடான கம்பி

நான் பதுளையில், 'நானா' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் தேநீர்க் கடையில் வேலை பார்த்தேன். அங்கிருந்த கரண்ட் அடுப்பின் சுருள்கம்பி அடிக்கடி அறுந்துவிடும். கருகிய முனையை வெட்டிவிட்டு மிச்சத்தை இழுத்து மாட்டுவேன். கம்பி குட்டையானால் சூடும் குறையும் என்றுதான் நினைத்தேன். கேத்தலில் வைத்த தண்ணீரோ முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது!

நோன்பு மாதத்தில் ஒரு மாலை, "இன்னும் கொஞ்சம் வெட்டுங்க தம்பி, நோன்பு தொறக்க முந்தி தண்ணி கொதிக்கட்டும்" என்றார் நானா.

"நல்லா இருக்குற கம்பியையா நானா?" என்று கேட்டேனே தவிர, என்ன ஆகும் என்று பார்க்க எனக்கும் ஆசை. விரல் நீளத்துக்குச் சுருளை வெட்டிவிட்டுச் சுவிட்சைப் போட்டேன். கம்பி செக்கச்செவேலென்று எரிந்தது. 'டப்' என்றொரு சத்தம். கடை முழுக்க இருட்டு. அப்போது பார்த்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். காத்திருந்தவர்கள் பேரீச்சம்பழமும் பச்சைத் தண்ணீருமாக நோன்பு திறந்தார்கள்.

மறுநாள் பியூஸ் மாற்ற வந்தவர் சிரித்தார். "கம்பி நீளமா இருந்தாத்தான் கரண்டைத் தடுக்கும். குட்டையாக்கினா பாய்ஞ்சி வரும்."

நான் வெட்டிப்போட்டு அடுப்படியில் கிடந்த கம்பித் துண்டைத் தேடி எடுத்தேன். உள்ளங்கையில் எடையே தெரியவில்லை. இத்தனூண்டு கம்பியா அவ்வளவு நெருப்பையும் பிடித்து நிறுத்தி வைத்திருந்தது?