அத்தானைக் கூப்பிடத் தேவையில்லாத கம்ப்யூட்டர்

தெருவில் அவரைப் பிளான்காரர் என்பார்கள். ஒரு கட்டிட எஞ்சினியரின் அலுவலகத்தில் வீடுகளுக்கு வரைபடம் போடுவது அவர் வேலை. எந்தச் சுவரில் கதவு, மாடிப்படி எந்தப் பக்கம் திரும்பும், குளியலறைத் தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இறங்கும் என்று பகல் முழுக்கக் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்கு வருவார். வந்து, முன்னறை மூலையில் இருக்கும் தன் சொந்தக் கம்ப்யூட்டரில் மிச்சக் கோடுகளை இழுப்பார்.

மனைவி வழி உறவில் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்தது. டாக்டர். யார் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் போன் இவருக்குத்தான் வரும். திரை இருண்டுபோனாலும் இவர், எழுத்து திடீரென்று பெரிதாகிவிட்டாலும் இவர். ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாமே இவர் கையால் சேர்த்துக் கட்டியவை. மதர்போர்டுப் பலகை, மெமரி, விசிறி என்று ஒவ்வொன்றாகக் கடை கடையாகத் தேடி வாங்கி, பெட்டிக்குள் பொருத்தி, ஒயரை நேராகச் சீவி வைத்தாற்போல் கட்டிக் கொடுப்பார். பழுது பார்க்கப் போனால் ஒரு பழைய சோப்பு டப்பாவில் திருப்புளிகளை எடுத்துக்கொண்டு போவார். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு இதத் தொட்டது?" என்று கேட்பார். வீட்டிலிருக்கிற அத்தனை பேரும் தரையைப் பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் அவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஞாயித்துக்கிழமைகூட ஒரு மனுஷன நிம்மதியா இருக்க விடமாட்டாங்க" என்று அலுத்துக்கொண்டேதான் கிளம்புவார். யாரும் கூப்பிடாத ஞாயிற்றுக்கிழமையில் போனை எடுத்து, சத்தம் வரும் நிலையில்தான் இருக்கிறதா என்று பார்த்து வைப்பார்.

அதிகமாகக் கூப்பிட்டது மச்சினி வீடு. மச்சினியின் கணவர், அதாவது இவருடைய சகலை, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடுகைவிடச் சின்னத் திருகாணிகளைப் பேசிக்கொண்டே முடுக்கிவிடுகிற கை. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் மட்டும் இரண்டடி தள்ளி நிற்பார். "நமக்கு ஆகாதுண்ணே" என்பார். பிளான்காரர் அவர் தோளில் தட்டி, "தள்ளு தம்பி, நான் பாக்கறேன்" என்பார்.

ஒரு தடவை இரண்டு மாதம் வரை அந்த வீட்டிலிருந்து போனே வரவில்லை. கடையில் வேலை அதிகமாக இருக்கும் என்று பிளான்காரர் நினைத்துக்கொண்டார். மச்சினி குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிட்டிருந்த ஒரு மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. வாசல் பால்கனியில் செருப்பைக் கழற்றியபோது, தான் கட்டிக்கொடுத்த பெட்டி ஒரு ஓரமாக நிற்பதைப் பார்த்தார். அதன் தலையில் குடைகளை வைத்திருந்தார்கள்.

உள்ளே, வழக்கமான மேஜையில் வேறு ஏதோ இருந்தது. வேறு ரகம். பெட்டி என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெள்ளி நிறத்தில் ஒரு திரை, அதைத் தாங்க ஒற்றைக் கால், அவ்வளவுதான். மற்ற எல்லாம் அந்தத் தட்டைத் திரைக்குள்ளேயே எங்கேயோ ஒளிந்திருந்தன.

"எப்ப வாங்கினது?" என்றார்.

"அது ஆச்சு ரெண்டு மாசம் அத்தான்" என்று மச்சினி சமையலறையிலிருந்து தலையை நீட்டினாள். "இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல. வாங்கினதிலேருந்து ஒரு தடவைகூட மக்கர் பண்ணலயே."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். இவருக்குச் சுருக்கென்றது. கிட்டப் போய் அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். ஒரு திருகாணிகூட விரலுக்கு அகப்படவில்லை.

"இத எங்க தம்பி தொறக்கறது?"

"தொறக்க வேண்டியதே இல்லண்ணே" என்றார் சகலை. அடக்கமாகத்தான் சொன்னார். அந்த அடக்கம்தான் தாங்க முடியாததாக இருந்தது.

அதற்குள் பிளான்காரரின் மகள், கல்லூரியில் படிப்பவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரையில் எதையோ தள்ளினாள், விரித்தாள், மூடினாள். "எவ்ளோ அமைதியா இருக்குப்பா இது. ஓடுதான்னே தெரியல." பிளான்காரர் சிரிக்கிற மாதிரி உதட்டை விரித்துக் காட்டினார். சாப்பாட்டில் என்ன பரிமாறினார்கள் என்று திரும்பி வரும் வழியில் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

மறுநாள் தன் கம்ப்யூட்டரைப் போட்டவருக்கு முதல் முறையாக அதன் விசிறிச் சத்தம் காதில் விழுந்தது. இத்தனை வருஷமாகக் கூடவே இருந்த சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறுகிறவரைப் போல அது இரைந்தது. தகட்டைக் கழற்றித் தூசி தட்டினார், விசிறிக்கு எண்ணெய் விட்டார். கொஞ்சம் குறைந்தது. ஆனால் ஒரு தடவை கேட்டுவிட்ட சத்தத்தைக் கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு மச்சினிக்குப் போன் போட்டார். ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு, போகிற போக்கில் கேட்பதுபோல, "அந்தப் புதுசு எப்படி இருக்கு? நடுவுல நின்னு கிண்ணு போகுதா?" என்றார்.

"இல்ல அத்தான், அருமையா ஓடுது."

"பிரிண்ட்டர் சேந்துக்கிச்சா? அங்கதான் இந்த ரகம் கொஞ்சம் தகராறு பண்ணும்."

"அதுவே தேடிக் கண்டுபிடிச்சுச் சேத்துக்கிச்சு அத்தான்."

போனை வைத்தவரை மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை செய்கிறவள். தினமும் சாக்குச் சொல்லும் பெற்றோர்களைப் பார்த்துப் பழகியதால் முகத்தைப் படிப்பதில் கெட்டிக்காரி. "நல்லா ஓடுதுன்னா சந்தோஷம்தானே படணும். நீங்க ஏன் எழவு விழுந்த மாதிரி இருக்கீங்க?"

"விசாரிச்சேன். விசாரிக்கக்கூடாதா?"

அடுத்த அடி மைத்துனரிடமிருந்து வந்தது. மனைவியின் அண்ணன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறார் என்ற செய்தி எப்படியோ காதுக்கு வந்தது. பிளான்காரர் தயாரானார். என்ன பலகை, எந்த மெமரி என்று மனதுக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். போன் வரவில்லை. ஒரு வாரம் கழித்து மைத்துனர் வீட்டு மேஜையிலும் ஒரு ஒற்றைக்கால் வெள்ளித் திரை வந்து உட்கார்ந்தது. எதை வாங்குவது என்று அவர் கேட்டது சகலையிடமாம். கூடவே போய் வாங்கிக் கொடுத்து, வீட்டில் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டு வந்ததும் சகலைதானாம். கம்ப்யூட்டரைக் கண்டால் இரண்டடி தள்ளி நின்ற அதே ஆள்.

பிளான்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. இதை வெளியே சொல்லிக்கொள்ளவும் முடியாது. யார் என்ன கெடுதல் செய்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பிரச்சினையே.

அந்த வாரம்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. நாமும் மாறிவிட்டால் என்ன?

அலுவலகம் முடிந்து அந்தக் கம்ப்யூட்டர் விற்கும் கடைக்குப் போனார். விற்பனைப் பெண் அவரை உட்காரவைத்து, "ஓட்டிப் பாருங்க சார்" என்று விலகிக்கொண்டாள். ஒரு சின்ன அறையை வரைந்து பார்த்தார். கோடு கத்தி மாதிரி விழுந்தது. படம் பெரிதாக்கினால் ஓரத்தில் பிசிறில்லை. குறை கண்டுபிடிக்கலாம் என்று போனவர் அரை மணி நேரம் தன்னை மறந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் எஞ்சினியர் அலுவலகத்தில், கான்கிரீட்டுக்குள் போகும் இரும்புக் கம்பிக் கணக்குப் போட ஒரு மென்பொருள் உண்டு. அது இதில் ஓடாது. கேட்டுப் பார்த்தார், அந்தப் பெண்ணும் உதட்டைப் பிதுக்கினாள். அது இல்லாமல் வீட்டிலிருந்து செய்யும் வேலையில் பாதி படுத்துவிடும். தவிர, பழக்கத்தில் இடது கை தானாகப் போய் அமுக்கும் பொத்தான்கள் எல்லாம் இதில் இடம் மாறியிருந்தன.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "ஆனாலும் வாங்கிடலாமான்னு இருக்கு" என்றார்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "பாதி வேலை ஓடாதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் என்ன ஆனாலும்? உங்களுக்கு அது வேணுமா, இல்ல என் தங்கச்சி வீட்டுக்காரர்கிட்ட இருக்கறதால வேணுமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை நடந்துவிட்டு வந்தார்.

கடைசியில், கடைக்கு இன்னொரு தடவை போவதைவிடச் சகலையிடமே ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அதை அவரிடம் கேட்பதற்குள் நாக்கு நாலு தடவை ஒட்டிக்கொண்டது. "தாராளமா வாங்கண்ணே" என்றார் சகலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினியும் பிள்ளைகளும் வெளியே போயிருந்தார்கள். ஆண்கள் இரண்டு பேர் மட்டும்.

பிளான்காரர் ஒரு பழைய மாடிவீட்டுப் படத்தைக் கொண்டுபோய்த் திறந்தார். இடது கை வழக்கமான இடத்துக்குப் போய் அமுக்கியது. படம் மொத்தமும் காணாமல் போனது.

"அது இல்லண்ணே, பக்கத்துல இருக்கறது" என்று பின்னாலிருந்து சகலை குனிந்தார். "அது ஒளிச்சு வைக்கறதுக்கு. எல்லாருக்கும் மொதல்ல இப்படித்தான் ஆகும்."

படத்தை வரவழைத்து ஒரு கோடு இழுத்தார். மறுபடி எதையோ தப்பாக அமுக்கினார். "தள்ளுங்கண்ணே, நான் பாக்கறேன்" என்றார் சகலை.

பிளான்காரர் தள்ளவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். பொறுமையும் பெருமையும் சரிபாதி கலந்த குரல். ஒவ்வொரு வீட்டு நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டு அவரே பேசிய குரல்தான்.

"பேஷா கத்துக்கிட்டீங்க போல" என்றார். சொல்லும்போதே வார்த்தை புளித்தது. "மச்சான்கூட உங்ககிட்டதான் கேட்டு வாங்கினாராம். டாக்டர் பட்டமே இந்தப் பக்கம் வந்துருச்சு."

 சகலை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

"கோவமாண்ணே?"

"எனக்கென்ன கோவம்?"

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வர்றன்னிக்கு இந்த வீடே வேற மாதிரி இருக்கும். இவ காலைலேருந்து அத்தான் வர்றார், அத்தான் வர்றார்னு குதிப்பா. பசங்க உங்க தோள்ல தொங்குவாங்க. பெரியப்பா எப்படி சரி பண்ணாரு பாத்தீங்களாப்பான்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க. என் வீட்ல, என் நாற்காலிக்குப் பின்னாடி, தண்ணி டம்ளர வச்சுக்கிட்டு நான் நின்னுட்டிருப்பேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "இது நல்ல கம்ப்யூட்டர்தான். ஆனா நல்லதுன்னு வாங்கலண்ணே. உங்களக் கூப்பிட வேண்டாம்னுதான் வாங்கினேன்."

இதைக் கேட்டதும் பிளான்காரருக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். தம்பியாக நினைத்த ஆளை இத்தனை நாள் நோகடித்திருக்கிறோமே என்று தோன்றியிருக்க வேண்டும். அதெல்லாம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது சந்தோஷம். தன்னைப் பார்த்தும் ஒருத்தன் வெந்திருக்கிறான். அதுவும் வருஷக்கணக்கில் வெந்திருக்கிறான். அந்தக் குடைகளைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடாதவருக்கு வயிறு நிறைந்தாற்போல் இருந்தது.

"சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார்.

"என்னன்னு சொல்றது? நீங்க வந்து சரி பண்ணிக் கொடுக்கறது எனக்குப் பிடிக்கலன்னா?"

 பிளான்காரர் திரையில் கிடந்த மாடிவீட்டைக் கொஞ்சம் நகர்த்தி, திரும்ப அதே இடத்தில் வைத்தார்.

"எனக்கும் பிடிக்கலதான்" என்றார் பிளான்காரர் கடைசியில். "குடைய வச்சிருந்தீங்களே அது மேல, அன்னிலேருந்து."

சகலைக்கு முகம் சிவந்தது. "அது அவ வச்சது" என்றார். பிறகு, "நானும்தான் வச்சேன்" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை. பிளான்காரர் படத்தை மூடினார். இந்த ரகம் தன் வேலைக்கு ஒத்துவராது, அந்தக் கம்பிக் கணக்கு ஓடாது என்று விளக்கினார். "அப்ப வேண்டாம்ண்ணே" என்றார் சகலை, கொஞ்சம் நிம்மதியோடு. அந்த நிம்மதி பிளான்காரர் கண்ணுக்குத் தப்பவில்லை.

அவர் மாறவில்லை. பழைய பெட்டிக்குப் பெரிய விசிறி ஒன்று வாங்கிப் போட்டார். மச்சினி வீட்டுக்கு முன்னைப்போலப் போய் வந்தார். போனால் அந்த மேஜைப் பக்கம் போகாமல் கூடத்திலேயே உட்கார்ந்துகொண்டார். சகலையும் கம்ப்யூட்டர் பேச்சை எடுப்பதில்லை. பழையபடி டாக்டர் என்று யாராவது கூப்பிட்டால், பிள்ளைகளின் பரீட்சை பற்றியோ மழையைப் பற்றியோ ஏதாவது கேட்டு இரண்டு பேருமே பேச்சை மாற்றினார்கள்.

மகளுக்குக் கல்லூரிக் கடைசி வருஷத்தில் தனியாக ஒன்று தேவைப்பட்டது. அவளுக்கு எது பிடிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அந்தப் பேச்சை ஆரம்பிக்காமல் இருந்தாள். ஒருநாள் அவரே சொன்னார். "அந்த ரகமே வாங்கிக்க. ஆனா எனக்கு அதப் பத்தி ஒண்ணும் தெரியாது. சித்தப்பாவக் கூப்பிட்டுக் கேளு." சொல்லிவிட்டுத் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் அப்போதே போனை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். பிளான்காரர் ஒரு மாடிப்படியை வரைய ஆரம்பித்தார். உள்ளே அவள் கேள்விமேல் கேள்வி கேட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு, "ஐயோ சித்தப்பா, உங்களுக்கு எல்லாம் தெரியுது" என்றாள். படி ஒன்று கோணலாக விழுந்தது. அதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அவள் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள்.

"ரொம்ப நேரம் பேசாதம்மா" என்று அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "அவருக்குக் கடையில வேல இருக்கும்."

அன்று கடை விடுமுறை என்பது அவருக்கும் தெரியும். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.