கொழும்பிலிருந்து அவள் ஏற்றிய சரக்கு

தொண்ணூறுகளில் டோர்ட்மண்டில் ஒரு சிறிய பலசரக்குக் கடை வைத்திருந்தேன். சாமான்கள் கொழும்பிலிருந்து கப்பலில் வரும். அங்கே அவற்றை வாங்கி ஏற்றியவள் என் மனைவி. கல்யாணமான சில மாதங்களில் நான் அகதியாக ஜெர்மனிக்கு வந்துவிட்டேன். அவளுக்கு விசா கிடைக்கவில்லை. பிறகு நாங்கள் சேர்ந்து செய்ததெல்லாம் இந்த வியாபாரம் ஒன்றுதான்.

மிளகாயை அவளே வறுத்து, மில்லில் பக்கத்தில் நின்று திரித்து அனுப்புவாள். கைவிட்டுப் பார்க்காமல் ஓர் அரிசி மூட்டையும் ஏற்ற விடமாட்டாள். ஹம்பேர்க் துறைமுகத்திலிருந்து எடுத்து வந்த பெட்டிகளைக் கடையின் பின்னறையில் நான் தனியாகத்தான் பிரிப்பேன். அவள் போட்ட கயிற்று முடிச்சுகளை வெட்ட மனம் வராது. நகத்தால் அவிழ்ப்பேன்.

ஒருமுறை கடல்தண்ணீர் புகுந்து அரிசியெல்லாம் பூஞ்சணம் பிடித்து வந்தது. தொலைபேசியில் சொன்னதும் அழுதாள்.

"அரிசி போனாப் போகட்டும். நீர் அழாதையும்" என்றேன்.

"நான் அரிசிக்கு அழேல்லை. பழுதாப்போன அரிசிகூட உங்களிட்ட வந்து சேர்ந்திட்டுது. நான் இன்னும் இஞ்சதான் நிக்கிறன்."



ஒருவழியாக விசா கிடைத்தபோது, "இனி இஞ்ச ஆர் பாத்து ஏத்துறது?" என்று கேட்டாள்.

"ஆரும் ஏத்தட்டும். நீர் வெளிக்கிடும்."

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் மெலிந்து, முன்னுச்சியில் நரையோடு வந்தாள். இத்தனை வருடம் பேச வைத்திருந்ததெல்லாம் மறந்து, "சாப்பிட்டனீரோ?" என்று மட்டும் கேட்டேன்.

கொழும்பு வேலையை அவளுடைய தமையன் ஏற்றார். மிளகாய்த்தூளில் மண் கடிபட்டது; அரிசியில் வண்டு. "முந்தின தூள் இல்லையோ அக்கா?" என்று வாடிக்கையாளர்கள் அவளிடமே கேட்டார்கள். கப்பல் சரக்கை நிறுத்தினோம். இங்குள்ள மொத்த வியாபாரி ஒருவரிடம் வாங்கி விற்றோம். அவள் கல்லாவில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஹம்பேர்க்குக்குக் கூட்டிப்போனேன். கப்பலொன்றில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. குளிர்காற்றிலும் அவள் கண்ணெடுக்கவில்லை.

"அங்க துறைமுகத்தில எல்லாரும் என்னை முதலாளியம்மா எண்டுதான் கூப்பிடுறவை" என்றாள்.

"திரும்பத் தொடங்குவமோ?"

"ஏலாது. தொடங்கினா எங்களில ஒராள் அங்க போய் நிக்கவேணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். கப்பல் வெளிக்கிடும்வரை நிற்போம் என்றாள். நின்றோம்.